வலது வளைவு

இந்த வாரத்தில் இது நான்காவது முறை.
திங்களன்று, மழை என்று சொன்னேன்.
புதனன்று பிளக்கைக் கழற்றிப் புதுசு போட்டேன்,
உதைத்ததும் பிடித்தது,
பிளக்தான் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.
நேற்று எர்த் கம்பியின் பச்சைக் களிம்பைச்
சுரண்டினேன். அப்போதும் பிடித்தது.
கடைசியாகத் தொட்டது எதுவோ
அதுவே குற்றவாளி எனக்கு.

இன்று லெசோத்தோவின் கணவாய் ஒன்றில்,
ஜூன் மாதப் பனி புல்நுனியில் பொரிந்து கிடக்க,
பின்னால் கட்டிய பெட்டிக்குள்
பத்தொன்பது பேரின் சளி மாதிரிகள்.
ஆய்வுக்கூடம் நாலு மணிக்குக் கதவடைக்கும்.
வெள்ளிக்கிழமை. விட்டால் திங்கள்.

வலப்பக்கம் ஒடித்தேன், நின்றுவிட்டது.
இருமியிருந்தால் பெட்ரோல் என்பேன்.
இருமவில்லை.
பேச்சின் நடுவே யாரோ வாயைப் பொத்தியது போல.

பிளக்கை மூடியோடு பிடுங்கி
எஞ்சின் மேல் சாய்த்து வைத்து
மிதிகட்டையைக் கையால் அழுத்தினேன்.
பொறி இல்லை.

சிடிஐ பெட்டிக்கு வரும் கம்பிகளில்
கறுப்பில் வெள்ளைக்கோடு போட்டது ஒன்று உண்டு.
அதற்கு ஒரே வேலை, நில் என்று சொல்வது.
சிவப்புப் பொத்தானை அழுத்தினால்
அது வண்டியின் இரும்பைத் தொடும்,
எஞ்சின் அடங்கும்.
அதை உருவிவிட்டு மறுபடி அழுத்தினேன்.
நறுக்கென்று நீலம்.

ஆக, பொத்தானை யாரும் தொடாமலே
யாரோ நில் என்கிறார்கள்.

மூன்று நாய்களோடு ஒரு சிறுவன் வந்து நின்றான்.
தோளில் கம்பளி, காலில் ரப்பர் பூட்ஸ்,
சரிவெல்லாம் அவன் ஆடுகள்.
மொட்லாலெபுலா என்றான் பெயரை.
எங்கள் மொழியில் அது, மழையோடு வந்தவன்.
திங்களன்று மழைமேல் போட்ட பழிக்காக
மனசுக்குள் ஒரு மன்னிப்பு.

ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.
உடைந்த இண்டிகேட்டரின் பல்பு, இரண்டு முழ ஒயர்,
ஒரு முனை பேட்டரியின் கூட்டல்குறியில்,
மறுமுனை உருவிய கம்பியில்.
எரிந்தது.
எரியக் கூடாது.
இந்தச் சோதனையில் வெளிச்சம்தான் நோய்.
பொத்தானின் இணைப்பையும் பிரித்தேன். எரிந்தது.
அப்படியானால் இடையில்தான்,
டேங்குக்கும் முகப்பு விளக்குக்கும் நடுவே
கண்ணுக்குப் படாத ஒரு சாணில்.

கிடாய் ஒன்று பாறை தாண்டி இறங்கியது.
அதை அதட்ட இடப்பக்கம் திரும்பினான்,
ஹேண்டிலும் கூடவே திரும்பியது.
பல்பு அணைந்தது.
அசையாதே என்று கத்த வாயெடுத்து
அசை என்றேன்.
இடது, இருட்டு. வலது, வெளிச்சம்.
அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை,
பகலும் ராவும் தன் கைக்கு வந்துவிட்டதுபோல்
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
போதும் என்று சொல்ல எனக்கும் மனமில்லை.

கழுத்து மூட்டில், சட்டத்தின் விளிம்பில்,
எத்தனை ஆயிரம் வளைவுகளோ தேய்த்து
கம்பியின் தோல் போயிருந்தது.
எள்ளளவு செம்பு.

முதலுதவிப் பையின் பிளாஸ்திரியைச் சுற்றினேன்.
அதன் மேல் இறுக்க, பூட்ஸில் கட்டியிருந்த
டியூப் துண்டை அவிழ்த்துத் தந்தான்.

இந்தக் கம்பி இல்லாமல் ஓடாதா?
ஓடும். நிறுத்துவதுதான் பாடு.
ஓடுவதைத் தவிர வேறென்ன வேண்டும் என்பதுபோல்
பார்த்தான்.
கீழே இறக்கம் காத்திருந்தது. பதில் சொல்லவில்லை.

நாலு அடித்து ஆறு நிமிடம்.
ஜன்னலைத் தட்டினேன்.
போட்ட கோட்டைக் கழற்றிக்கொண்டே
மாலிநெயோ பெட்டிக்குக் கை நீட்டினாள்.
முகத்தில் திட்டு இருந்தது, வாயில் இல்லை.

திரும்பும் வழியில்
வலது வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன்,
ஒவ்வொன்றிலும் மூச்சைப் பிடித்து.
பதினேழுக்குப் பிறகு
ஆற்றின் மேல் ஒரே நட்சத்திரமாக இருந்தது,
எண்ணிக்கை எங்கோ விட்டுப்போயிற்று.