நான்காம் இடம்

டிசம்பர் இருபத்தெட்டு.
பத்து மணிக்கு வரும் வெளிச்சம்
மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடும் பருவம்.
முன்கண்ணாடியில் உப்பு பூத்திருக்கிறது.
மாவு படிந்த ரசீதின் பின்புறம்
ஒன்று முதல் பத்து வரை எண் போட்டுவிட்டேன்.
எண் போடுவது எளிது.

ஐம்பதாயிரம் பேர் மட்டுமே வாழும் ஃபாரோ தீவுகளில்
பாட்டு ரசிகனாக இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை.
பத்தாம் பாட்டின் டிரம்மர் ஹானுஸ்
மார்ச்சிலிருந்து என் குளியலறைக் குழாயைச் சரிசெய்ய
நாளை வருகிறான்.
வந்திருந்தால் எட்டாம் இடம்.
ஏழாம் பாட்டைப் பாடிய வார்
என் கடைவாய்ப் பல்லைத் துளைக்கும்போதும்
அதையே முணுமுணுத்தாள்.
வாய் நிறையப் பஞ்சோடு
நான் கீழ்ஸ்தாயியில் ஒத்துழைத்தேன்.

என்னிடம் உள்ள அளவுகோல் ஒன்றுதான்.
லேய்ர்விக்கில் கடலுக்கடியில் இறங்கும் வண்டி
கிளாக்ஸ்விக்கில் தலைதூக்கும்வரை
பாட்டு தாங்க வேண்டும்.
மேலே பாறை, பாறைக்கு மேல் தண்ணீர்,
தண்ணீரில் நம்மைப் பற்றிக் கவலையே படாத மீன்கள்.
அந்த ஆழத்தில் ஒரு வரி பொய் சொன்னால்
காது பிடித்துவிடும்.

ஒன்பதாவது, மூன்று பையன்கள்
வானிலை அறிக்கைக்கு மெட்டுப் போட்டது.
வடமேற்குக் காற்று, வடமேற்குக் காற்று என்று
இருபத்தொரு தடவை.
அன்று அடித்தது தென்கிழக்கு.
ஆனாலும் நம்பினேன்.
ஐந்தாவதில் சொற்களே இல்லை,
சாமலின் ஆர்கன் மட்டும்.
மிதிகட்டையில் அவர் செருப்பு தேய்வது பதிவில் கேட்கிறது.
அதை வெட்டாமல் விட்டதற்கே அந்த இடம்.

பிறகு அந்தப் பாட்டு.
பிப்ரவரி. சுரங்கத்தின் நடுப்பாதி.
ஒரு கிட்டார், ஒரு பெண்குரல்:
வண்டிக் கதவைத் திறந்துபோட்டு
எஞ்சினை அணைக்காமல்
என்னோடு பேசுகிறான்.
யாரடா இந்த மடையன் என்று சிரித்தேன்.
அடுத்த சரணத்தில் அவன் கையில்
மன்னிப்புக்குப் பதிலாக
விற்காமல் மிஞ்சிய ரொட்டி இருந்தது.

தூரி.
எட்டு வருஷம் ஒரே கூரையின்கீழ் இருந்தவள்
எந்த எழுத்தில் மூச்சை இழுப்பாள் என்று
எனக்குத் தெரியாதா.
சுரங்கத்தில் வண்டியை நிறுத்தக்கூடாது.
மீதி இரண்டு நிமிடமும் என்னைப் பற்றிக் கேட்டபடி
எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போனேன்.

கோடைக்குள் ஊரே பாடியது.
படகுத்துறையில் மிதிவண்டிச் சிறுமிகள் பாடினார்கள்.
மளிகைக்கடை ஏய்டுன் ரொட்டியை எண்ணிக்கொண்டே கேட்டான்,
"எஞ்சினை அணைத்துவிட்டுத்தானே வந்தாய்?"
அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.
அந்த மாதம் முழுக்க அப்படித்தான்.

நியாயத்துக்கு அது முதலிடம்.
கொடுத்தால் பெருந்தன்மை என்பார்கள்.
சேர்க்காமல் விட்டால் வயிற்றெரிச்சல் என்பார்கள்.
நான்கு என்று எழுதினேன்.
யாரும் எதுவும் சொல்ல முடியாத எண்,
வாரிடம் "வலிக்கவில்லை" என்று கையசைப்பதுபோல.

வடக்கே பழைய சுரங்கம், ஒற்றைப் பாதை, விளக்கு கிடையாது.
எதிரே வெளிச்சம் தெரிந்தால்
பாறையில் குடைந்த பொந்தில் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும்.
காத்திருக்கிறேன், எஞ்சின் ஓடுகிறது.
தூரியிடம் ஒன்றைச் சொன்னதே இல்லை.
இந்த வண்டியில் எஞ்சினை அணைத்தால்
ரேடியோவும் அணைந்துவிடும்.
பாட்டு முடியட்டும் என்றுதான் நின்றேன்.
இதைச் சொன்னால் குற்றம் குறையுமா கூடுமா,
தெரியவில்லை.

அன்று ஓடியது அதற்கு முந்தைய வருஷத்துப் பாட்டு,
இந்தப் பட்டியலில் வராது.
அதன் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம்.
வாசலில் நின்று தூரி என்ன சொன்னாள் என்பதைத்தான்
பிப்ரவரியில், கடலுக்கடியில்,
முதல்முறையாகக் கேட்டேன்.

எதிரே வந்த லாரி
விளக்கைத் தாழ்த்திக் கடந்துபோனது.
பின்னால் ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது.
மூன்றாம் இடம் இன்னும் முடிவாகவில்லை.