நான்காம் மாடியில் நிற்கும் லிஃப்ட்

டுலூத்தில் நவம்பர் வந்தால்
ஏரி தன்னைக் கடல் என்று நினைத்துக்கொள்ளும்.
தூக்குப் பாலத்தடியில்
இரும்புத்தாதுக் கப்பல் ஊதுவதைக் கேட்டு
அவள்தான் இருமுகிறாள் என்பார்கள்
விடுதியின் முதலாண்டுப் பிள்ளைகள்.

விடுதி அப்போது ஹோட்டல்.
நானூற்றுப் பதிமூன்றில்
இரண்டு குளிர்காலம் தங்கி
மூன்றாவதைக் காணாமல் போனவள்
ஹாரியட் லிண்ட்குவிஸ்ட்.
ஏழு நாவல், ஒரு தபால்தலை,
துறைமுகத்தை ஒட்டி அவள் பேரில் ஒரு குட்டைச் சாலை.

யாரும் பொத்தானை அழுத்தாமலே
லிஃப்ட் நான்கில் நிற்கும்.
கதவு திறக்கும். யாரும் ஏறமாட்டார்கள்.
மூடும்.
அவளுக்குக் கால்வலி, படி இறங்க முடியாது
என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள்.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
முப்பத்தோரு வருடத்தில்
எந்தப் பேயும் எனக்குக் கூலி தந்ததில்லை.
மேலே இயந்திர அறையில் ஏறிப் பார்த்தேன்:
கரி படிந்த ஒரு ரிலே.
இருபது நிமிட வேலை.
பழையதைக் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு
வீட்டுக்குப் போனேன்.

நான்காம் நாள் விடுதிக் காப்பாளர் மார்வெல் ஓஸ்ட்பி
கூப்பிட்டாள். புகார் வந்திருக்கிறதாம்.
மறுபடி நிற்கிறதா என்றேன்.
நிற்கவில்லை, அதுதான் புகார் என்றாள்.

கூடத்தில் பதினேழு பேர் கூடியிருந்தார்கள்.
எல்லாரும் அவளைப் பார்த்தவர்கள்.
ஒருவனுக்கு விளக்கை மங்கலாக்கியிருக்கிறாள்,
ஒருத்தியின் கட்டுரையில் காற்புள்ளிகளைப் பொறுக்கியெடுத்திருக்கிறாள்.
சரி, படித்தவர்கள் எத்தனை பேர் என்றேன்.
பதினேழு பேரும் ஃபோனைப் பார்த்தார்கள்.

அந்த அறையில் இப்போது படுப்பவள் பா ஹூவா வாங்.
செயின்ட் பாலில் பிறந்த ஹ்மாங் பெண், கணக்குப் படிக்கிறாள்.
அவள் மட்டும் சொன்னாள்:
"எங்கள் வீட்டில் செத்தவர்களைப்
பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுவோம்.
இந்தம்மாவை ஒருவரும் கூப்பிடவில்லை,
தானாகவே வந்து நிற்கிறாள்."
ஜன்னல் விளிம்பில்
ஒரு தேக்கரண்டிச் சோறு காய்ந்துகிடந்தது.

நூலகத்தில் நாவல் ஒன்று எடுத்தேன்.
கடைசித் தேதி முத்திரை விழுந்த வருடம்
என் மகன் பிறக்கவே இல்லை.
பொய் சொல்ல மாட்டேன், சலிப்பாகத்தான் இருந்தது.
ஐம்பது பக்கத்துக்கு ஒருத்தி
கப்பலுக்காகக் காத்திருக்கிறாள், மழை வேறு.
ஐம்பத்தெட்டில் திடீரென்று
ஒரு ஹோட்டல், ஒரு லிஃப்ட்.
ஒருவர் மேலே போகும்போதெல்லாம்
சுவருக்குப் பின்னால்
யாரும் பார்க்காத ஒரு பாரம்
கீழே இறங்குகிறது என்று எழுதியிருந்தாள்.

எதிர் எடை.
வாழ்நாள் முழுக்க லிஃப்டில் போகிறவர்களுக்கு
அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.
இவள் மேலே வந்து பார்த்திருக்கிறாள்.
என்னைப் போல் ஒருவன்
கதவைத் திறந்து காட்டியிருக்கிறான்,
எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு.

பழுதை எடுக்கத் தெரியும் எனக்கு.
பழுதை வைக்க
எந்தப் பயிலகத்திலும் சொல்லித் தரவில்லை.
ஒரு முழு மாலை ஆனது.
பழைய ரிலேயின் கரியைச் சுரண்டாமல்
அப்படியே பொருத்தினேன்,
நான்கில் மூன்று வினாடி நிற்கும்படி.
அதற்கு மேல் நின்றால்
சோதனை அதிகாரி என் உரிமத்தைக் கிழித்துவிடுவார்.

இரவு ஒன்றரைக்கு வெறும் லிஃப்டில்
ஓட்டிப் பார்த்தேன்.
நான்கு.
கதவு திறந்தது.
நடைவழியில் துணி உலர்த்தும் எந்திரத்தின் சூடு,
யாரோ கருக்கிய பாப்கார்ன்.
மூன்று போய்விட்டது.
ஐந்து.
கைத்தடியோடு ஒருவர்
வாசற்படி தாண்ட எடுக்கும் நேரம்.
எட்டு. பத்து.
பதினொன்றில் மூடியது.

நான் ஓரமாக நகர்ந்தேனா, நினைவில்லை.

கீழே வந்ததும் பதிவேட்டைத் திறந்து
பேனா மூடியைப் பல்லால் கடித்து எடுத்து
நிற்கும் நேரம் என்ற கட்டத்தில்
எழுதினேன்:
மூன்று.

அதுவரை நான்
ஒரு வரியும் கற்பனை செய்ததில்லை.