கொக்கி

தொடை வழியே ஏறின கம்பி
இந்நேரம் நெஞ்சுக்குள் இருக்கும்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பையன்
மவுஸைத் தேய்த்துத் தேய்த்து
என் இதயத்தைத் திரையில் வரைகிறான்.
முனை தொட்ட இடமெல்லாம் ஒரு புள்ளி.
கரண்ட் முதலில் வருமிடம் சிவப்பு,
கடைசியில் வருமிடம் ஊதா.
கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பச் சொன்னேன்.
"வயர்மேனாச்சே, பாக்கட்டும்" என்றார் டாக்டர் விசாலம்.

கானாடுகாத்தானில் ஒரு வீடு.
சொந்தக்காரர் ஈப்போவில்.
எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும்
இரண்டாங்கட்டில் ஒரு பல்பு மினுக்கும்.
மூன்று நாள் டெஸ்டரோடு
சுவர் சுவராகத் தட்டிக்கொண்டு போனேன்.
நெல் அறைக்குப் பின்னால் அகப்பட்டது,
எவனோ எந்தக் கல்யாணத்துக்கோ
சீரியல் செட்டுக்கு இழுத்துவிட்டு
மறந்துபோன ஒயர்.

எனக்குள் இழுத்தவன் யாரென்று கேட்டேன்.
"பிறக்கும்போதே இருந்தது, சேவுகன்.
மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே
ஒரு வழிதான் இருக்கணும். உங்களுக்கு ரெண்டு.
போன கரண்ட் இது வழியாத் திரும்பி வந்து சுத்துது."
கொக்கி போட்டிருக்கு என்றேன்.
முகமூடிக்குள் சிரித்தார்.
நாற்பத்தாறு வருஷம், மீட்டரில் ஏறாமல்.

"இப்ப வேணும்னே படபடப்பைக் கிளப்புறோம்."
கிளப்பினார்கள். நூற்றுத் தொண்ணூறு.
பழகின ஆள்தான்.
ஏணி உச்சியில் வந்திருக்கிறது,
கோவிலூர் முக்கில் டீ குடிக்கையில் வந்திருக்கிறது,
அப்புறம் புதுவயலில்
அரிசி ஆலை மோட்டார் பார்க்கப் போன அன்று,
ரசீது எழுதிக்கொண்டிருந்த பொன்னழகு
நிமிர்ந்து "எவ்வளவு?" என்று கேட்டபோது.
கூலியைச் சொல்ல வாய் வரவில்லை.
அதைத்தான் இருபது வருஷமாகக்
காதல் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

புள்ளிகள் நெருங்கின.
சிவப்பு கடுகளவுக்குச் சுருங்கியது.
ஒட்டினாற்போல் மஞ்சளில் குறித்திருந்தார்கள்
மெயின் லைனை.
அதைச் சுட்டுவிட்டால் ஆயுசுக்கும் பேட்டரிதான்.
டாக்டர் குரல் தணிந்தது.
நான் வாயைத் திறக்கவில்லை.
கம்பத்தில் நிற்கிறவனுக்குக்
கீழேயிருந்து பேச்சுக் கொடுக்கக் கூடாது.

சுருக்கென்று ஒரு சூடு.
ஒன்று, இரண்டு, மூ...
ஓட்டம் நின்றது.

பிறகு ஊசியில் ஏதோ மருந்து.
"மெயினை இறக்கி ஏத்திப் பாக்குறோம்"
என்றார் என் பாஷையில்.
நாலு விநாடி
நான் இல்லை.
அந்த நாலில் நினைவுக்கு வந்தது
ஈப்போக்காரர் தரவேண்டிய பாக்கி.
வேறு பெரிதாக ஒன்றுமில்லை.
அப்புறம் ஒரு துடிப்பு,
உள்ள வழியில்.

வார்டில் ஆறு மணி நேரம்
காலை மடக்கக் கூடாதாம்.
தலைக்கு மேல் ஃபேன் சுணங்கிச் சுற்றுகிறது,
கன்டென்சர் போயிருக்கும்.
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு பொன்னழகு வருகிறாள்,
கையில் இட்லிப் பொட்டலம், மருந்துச் சீட்டு.
போர்வைக்குள் இடது மணிக்கட்டைப் பிடித்து
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.
"எவ்வளவு கட்டச் சொன்னாங்க?" என்கிறாள்.

எண்ணிக்கை தவறிவிட்டது.
மறுபடி முதலிலிருந்து.