பதிமூன்றாவது ஸ்கேல்

போன இடவப்பாதியில் மின்னல் இறங்கி
சபைக் கீபோர்டில் ஒரே ஒரு பொத்தான் செத்தது.
டிரான்ஸ்போஸ்.
மற்றதெல்லாம் உயிரோடுதான்,
யாருக்கும் வேண்டாத சம்பா தாளமும்
நாய் குரைக்கும் சத்தமும் உட்பட.

எனக்கு சி மேஜர் ஒன்றுதான் தெரியும் என்பது
அதுவரை எனக்கும் அந்தப் பொத்தானுக்கும்
மட்டும் தெரிந்த காரியம்.
யார் எந்தக் குரலில் எடுத்தாலும்
இரண்டு தட்டு மேலே, மூன்று தட்டு கீழே,
பிறகு வெள்ளைக் கட்டையிலேயே நடந்துவிடுவேன்,
கணுக்கால் நனையாத ஆற்றைக் கடந்துவிட்டு
சாட்சி சொல்பவளைப் போல.

ரிப்பேருக்கு நாகர்கோவில் போகணும்,
முதலில் கூரைக்கு ஷீட் என்றார் பாஸ்டர்.
ஒழுகுகிற சபையிலிருந்து
கீபோர்டு என் கட்டிலடிக்கு வந்தது.

கருங்கல் அண்டியாபீஸில் பகலெல்லாம் தோடு தல்லிய கை.
எண்ணெயும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாலும்
கருப்பு முழுசாகப் போகாது.
கருப்புக் கட்டையில் அது தெரியவும் செய்யாது.
பத்து மணிக்குப் பிள்ளைகள் உறங்கியபின்
ஹெட்போனை மாட்டுகிறேன்.

ரெண்டு, அஞ்சு, ஒண்ணு.
இறங்கு, திரும்பு, வீடு சேர்.
சி மேஜரில் அது சந்தைக்குப் போய்வரும் வழி.
எஃப்பில் ஒரு கல் இடறும்.
பி ஃப்ளாட், இ ஃப்ளாட்,
ஏ ஃப்ளாட்டில் நடுவிரல்
மார்த்தாண்டம் பஸ்ஸில் கால்வைக்க இடம் தேடும்.
அதே மூன்று அடிதான்.
ஆனால் ஒவ்வொரு ஸ்கேலிலும் வீடு மாறிப்போகிறது,
விரல் மட்டும்
பழைய வீட்டுக் கதவையே தட்டுகிறது.

இருட்டில் ஜெயசிங் புரண்டு படுத்தார்.
அவருக்குக் கேட்பது பிளாஸ்டிக்கின் டக் டக் மட்டும்.
"எட்டீ, வீட்டிலயும் அண்டி தல்லுதியா?"

பகலில் தலைகீழ்.
கொட்டையை நிறுத்தி ஒரு அடி, டி ஃப்ளாட்.
இன்னொரு அடி, பி.
பருப்பு முழுசாக வந்தால் காசு,
உடைந்தால் பிடித்தம்.
என்ன முணுமுணுக்க, ஜெபமா என்றாள் பக்கத்து ரோஸ்லட்.
ஆமா என்றேன்.
பெரிய பொய்யில்லை.

பதினொரு வாரம்.

பன்னிரண்டும் கைக்கு வந்துவிட்ட
அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில்
சுவர்ணபாய் எழுந்தாள்.
சவூதியிலிருந்து மகன் பேசி நாற்பது நாள்.
அதை அவள் சொல்லவில்லை.
நேராகப் பாட்டுக்குப் போனாள்:

எஃப் ஷார்ப்புக்கு மேலே, ஜிக்குக் கீழே,
இரண்டு கட்டைக்கும் நடுவே
ஊசி நுழையும், விரல் நுழையாத இடுக்கில்.

பன்னிரண்டு வீட்டுச் சாவியும் என் கையில்,
அவள் நிற்பதோ மதில்மேல்.

பழைய நான் என்றால்
ஏதோ ஒன்றை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி,
அவளைக் கையைப் பிடித்து இழுத்திருப்பேன்.
பாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.
டிரம்ஸ் வாசிக்கிற பிபின்
குச்சியைத் தூக்கிக்கொண்டு பார்த்தான்.
நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.
ஒரு சரணம் முழுக்க
வெறும் கைத்தட்டலும் அவளும்,
புது ஷீட்மேல் மழையும்.

இரண்டாம் சரணத்தில் எல்லாக் குரலும் கொஞ்சம் இறங்கும்.
மூச்சு செலவாகும்.
இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்,
இருபது வருஷம் சபையில் பாய்மேல் இருந்தால் போதும்.
நூலளவு இறங்கினாள்.
இன்னும் நூலளவு.

ஜி ஷார்ப் மைனரில்
சத்தமில்லாமல் போய் நின்றேன்.
ரெண்டு.
அஞ்சு.

அவள் குனிந்து பார்க்கவில்லை.
மதிலிலிருந்து இறங்கி
காலை ஊன்றினாள்.