சுருண்ட நுனி

எமரால்டில் இரவு ஷிப்டு முடிந்து
தேயிலைத் தூசி அப்பிய சட்டையோடே
அவலாஞ்சி ஓடைக்கு வந்துவிட்டேன்.
ஐந்தே முக்கால். புல்லெல்லாம் உறைபனி.
பைக் சீட்டை நகத்தால் சுரண்டினால் வெள்ளை.
பையில் மீன்வளத்துறைச் சீட்டு,
இன்று ஒருநாள் மட்டும் செல்லும்.

கறிக்கடை ஹனீபா தந்த சேவல் கழுத்திறகு,
பழைய ஸ்வெட்டரில் உருவிய சாம்பல் நூல்:
இதுதான் ஈ.
கொக்கியின் முள்ளைக் குறடால் நசுக்கியாயிற்று.

முதலில் நரம்பில் ஒரு சாதா முடிச்சு, இறுக்காமல்.
நுனி கொக்கியின் கண்ணுக்குள் போய்
வந்த வாசல் வழியே திரும்ப வேண்டும்.
தாய் நரம்பைச் சுற்றி ஐந்து சுற்று,
மறுபடி அதே வாசல்.
எச்சில் தொட்டு மெல்ல இழுத்தால்
ஈக்கும் முடிச்சுக்கும் நடுவே
ஓர் உளுந்து நுழையும் வளையம் நிற்கும்.
அந்த இடம் இல்லாவிட்டால்
தண்ணீரில் விறைத்துக் கிடக்கும் ஈ,
போட்டோவுக்கு நிற்கும் மாப்பிள்ளை மாதிரி.
ட்ரவுட் அதைத் திரும்பியும் பார்க்காது.

விரல்கள் என்னுடையவையாக இல்லை.
நான்கு சுற்றா, ஐந்தா?
ஐந்து என்றே வைத்துக்கொண்டேன்.
எச்சிலுக்கு நாக்கை நீட்டினால்
வாய் காய்ந்து கிடக்கிறது.
ராத்திரி முழுக்க ட்ரையர் பக்கத்தில் நின்றதோடு,
பெள்ளராஜ் என் கணக்கில் எழுதிய
பதினாறு கிலோ கழிவுக்கு
ஒரு பதிலும் சொல்லாமல்
மென்று மென்று விழுங்கியதில்
மிச்சம் எதுவும் இல்லை.
உலர்ந்தபடியே இழுத்தேன்.

பாறை நிழலுக்கு மேலே இரண்டாவது வீச்சு.
தண்ணீர் தோளைக் குலுக்கியது.
வானவில் பட்டை ஒன்று பக்கவாட்டில் திரும்பி...
முழங்கை நீளம் இருக்கும்,
இருந்திருக்கும்.
கம்பு நிமிர்ந்துவிட்டது.

நரம்பு அறுந்திருந்தால் நுனி நேராக இருக்கும்.
அது மீனின் பலம், யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம்.
என் கைக்கு வந்த நுனி
பன்றிவாலாகச் சுருண்டிருந்தது:
நழுவிய முடிச்சின் கையெழுத்து.
மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் நான் போடவில்லை.
பதினாறு கிலோவுக்கும் இந்த மீனுக்கும்
முடிச்சு இருக்கிறது.
அது மட்டும் நழுவவில்லை.

சுருளை வெட்டிச் சீட்டோடு மடித்து வைத்தேன்.
குனிந்து ஒரு வாய் ஓடைத்தண்ணீர், பல் கூசியது.
"அந்தக் கழிவு என்னுடையது இல்லை, பெள்ளராஜ்"
சொல்லிப் பார்த்தேன்.
எதிர்க்கரையில் கடமான் ஒன்று தலைதூக்கி,
எனக்கில்லை என்பதுபோல் மறுபடி மேய்ந்தது.

பெட்டியில் இன்னும் இரண்டு ஈ.
சுற்றுகளை இம்முறை
வாய்விட்டு எண்ணினேன்.