கோப்பை அளி

ராத்திரி பத்துக்குப் பிறகுதான்
தண்ணீர்த் தாங்கிப் பக்கம் சிக்னல் இரண்டு கோடு ஏறும்.
மடிக்கணினியைத் துவாயில் சுற்றிக்கொண்டு
ஏழாம் லயத்தின் பின்படியில் உட்காருவேன்.
மவுசாகலைப் பக்கமிருந்து பனி வந்து
திரையைத் துடை, துடை என்னும்.

நான் நிரல் எழுதுகிறவள் இல்லை.
பகலில் மஸ்கெலியா டவுனில்
அடகுக் கடை ரசீது தட்டச்சுகிறேன்:
வளையல் ஒரு சோடி. தோடு ஒன்று, மற்றது தொலைந்தது.
இரவில், யாரோ யாருக்கோ
இலவசமாய்ச் செய்து வைத்த மென்பொருளுக்குள் புகுந்து
எழுத்துப் பிழை பொறுக்குகிறேன்.

இரண்டு சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் குறிப்பு
இயந்திரத்தின் கண்ணில் படாது.
பெரட்டுக்கு வராதவளின் பெயரைக்
கணக்கப்பிள்ளை தாண்டுகிற மாதிரி தாண்டிவிடும்.
அது ஆட்களுக்கென்று ஆட்கள் எழுதியது.
'இது ஏன் ஓடுகிறதென்று எனக்கே தெரியாது, தொடாதீர்கள்'
என்று ஒருவர் கெஞ்சியிருப்பார்.
அவர் ஆங்கிலத்தில் 'ரிசீவ்' வரும் இடமெல்லாம்
ஈயும் ஐயும் இடம் மாறி நிற்கும்.
பிடித்து மாற்றி நிறுத்துவேன்.
கெஞ்சலைத் தொடமாட்டேன்.

தமிழாக்கக் கோப்பில்தான் சிரிப்பு வந்தது.
முந்நூற்றுப் பதினாலாம் வரி:
'கோப்பை அளி.'
அழிக்கிற பொத்தானுக்கு அந்தப் பெயர்.
எங்கோ ஒருத்தி தன் ஒரு வருடக் கணக்கைத்
தரப்போகிறார்கள் என்று நம்பி அமுக்கியிருப்பாள்.
எனக்கு முதலில் தெரிந்ததோ தேத்தண்ணீர்.
கோப்பை அளி. ஆமாம்,
இந்தக் கூதலுக்கு யாராவது அளித்தால் தேவலை.

ள-வை எடுத்தேன், ழ-வை வைத்தேன், அனுப்பினேன்.
பதினொரு நிமிடத்தில்
பின்லாந்திலிருந்து யூஹா என்பவர்
'சேர்த்தாயிற்று, நன்றி' என்றார்.
அவருக்குத் தமிழ் தெரியாது.
நான் சொன்னதை நம்பினார்.

பதினொரு நிமிடம்.

என் பெயர் எழிலரசி.
பிறப்பைப் பதிந்தவரின் சிங்களத்தில் ழ இல்லை,
அது அவர் குற்றமில்லை. ல போட்டார்.
அதைத் தமிழுக்குத் திருப்பியவர்
இரண்டு ல அடுத்தடுத்து நிற்கக் கண்டு
ஒன்றை ய ஆக்கி
எலியரசி என்று முடித்தார்.
பள்ளிக்கூடத்தில் பின்வாங்கு முழுக்கக் கீச் கீச்.
திருத்தக் கேட்டு ஒன்பது வருடம்.
சத்தியக் கடதாசி, சமாதான நீதவான்,
அம்மாவின் அட்டையில் வேறொரு பிழை,
அதற்கொரு சத்தியக் கடதாசி,
நுவரெலியாக் கச்சேரியில் ஐயா லீவு,
அடுத்த முறை ஐயா மாற்றலாகிப் போய்விட்டார்.
நீங்கள்தான் எழிலரசி என்பதற்கு என்ன ஆதாரம்?
நான் வந்து நிற்கிறேனே என்றேன்.
அது போதாதாம்.

போன மாதம்
பங்களித்தோர் பட்டியலில் உங்கள் பெயரை
நீங்களே எழுதுங்கள் என்றார் யூஹா.
வேறொன்றும் கேட்கவில்லை.
விரல் கொஞ்ச நேரம் விசைமேல் நின்றது.
கீழ் லயத்தில் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.
எழுதினேன்.

நேற்று ஒரு புதுத் திருத்தம் வந்து கிடந்தது,
என்னைப்போலப் பிழை பொறுக்குகிற யாரோ:
'இந்தப் பெயரில் ஒரு எழுத்து
சுருண்டு உடைந்திருக்கிறது, கோளாறு போலும்.
பக்கத்தில் இருப்பதைப் பார்த்து
ல போட்டிருக்கிறேன்.'

ஏற்பதும் மறுப்பதும் இப்போது என் கையிலும் உண்டு.
இரண்டு தரம் வாசித்தேன்.
நல்ல மனுசன்தான், கவனமாகத்தான் பார்த்திருக்கிறான்.
'கோளாறு இல்லை, அது அப்படித்தான் சுருளும்.
வந்ததற்கு நன்றி' என்று எழுதி
மூடினேன்.

உள்ளேயிருந்து அக்கா,
'எலி, இன்னும் படுக்கலியா?' என்றாள்.
வர்றேன் என்றேன்.