காற்றடி

கோட்டிங்கன். பிப்ரவரி. வெளியே ஈரப் பனி.
உள்ளே, எஃகு உருளையில் இருந்த காற்றையெல்லாம்
ராத்திரி முழுக்க உறிஞ்சி எடுத்திருந்தார்கள்.

ஒரு தட்டு நிறையச் சாம்பல் பொடி,
நிலவு மண்ணுக்குப் பதிலாக அரைத்த எரிமலைக் கல்.
மூன்றடி தள்ளி ஒரு கண்ணாடிச் சில்லு:
முன்பே வந்து இறங்கி நிற்கும்
யாரோ ஒருவரின் ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீப்கே பொத்தானை அழுத்தினாள்.

புகைமண்டலம் எழவில்லை.
சுருளவில்லை, மிதக்கவில்லை.
தடுத்து நிறுத்தக் காற்றில்லாத இடத்தில்
தூசி தயங்குவதில்லை;
தரையை ஒட்டி, விரித்த விசிறி மாதிரி,
போன துகள் போனதுதான்.
நான்கு நொடி. சத்தமே இல்லை.

அங்கே நிஜமாய் இறங்கும்போது
என்ன நினைக்குமோ அந்த மண்.
கல்லடி கோடி பட்டதுதான்,
காற்றடி பட்டதில்லை.
வலது காலை எடுத்துவைத்து வரத்தான்
எல்லோருக்கும் ஆசை;
காலுக்கு முன்னால் நெருப்பல்லவா
வாசலில் விழுகிறது.

சாயங்காலம் உருளையைத் திறந்து
சில்லை எடுத்தாள். மங்கல்.
மூக்குக்கண்ணாடிக்குச் செய்கிற பழக்கத்தில்
ஹா என்று ஊதி, சட்டை நுனியால் துடைத்தாள்.
மூச்சின் ஈரம் போய்விட்டது.
மங்கல் போகவில்லை.

யோர்னிடம் காட்டினாள்.
"இன்னும் தள்ளி வைப்போமா?"
"எவ்வளவு?"
இருவரும் டார்ச் அடித்து
உருளையின் மறுமுனைச் சுவரைப் பார்த்தார்கள்.
அங்கேயும் இருந்தது பொடி.